பலெர்மோவில் மத்தியானம் என்ன செய்வது?

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்களின் பயணத் திட்டங்களைப் பார்த்தால் பலெர்மோவுக்குப் பெரும்பாலும் ஒரு நாள்தான் ஒதுக்கியிருப்பார்கள். விமானம் இறங்குகிற ஊர், கப்பல் நிற்கிற ஊர் என்கிற அளவுக்குத்தான் அதற்கு மரியாதை. மறுநாள் விடிந்ததும் எட்னா எரிமலை, தாவோர்மினா என்று கிழக்கே கிளம்பிவிடுவார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. பலெர்மோவுக்கு முழுசாக நாலு நாள் கொடுக்க வேண்டும். சாப்பாட்டில் பிரியம் உள்ளவர்கள் ஐந்து. நாள் போதவில்லை என்றால் எட்னாவை அடுத்த முறைக்குத் தள்ளுங்கள், அது எங்கேயும் போய்விடாது.

இத்தனை நாள் கேட்பதற்குக் காரணம் பார்க்க வேண்டியவை ஏராளம் என்பது மட்டுமில்லை. அந்த ஊர் நடக்கிற நேரக்கணக்கு அப்படி. தேவாலயங்களில் பல பகல் பன்னிரண்டரை, ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினால் மூன்று, நாலு மணிக்குத்தான் திறக்கும். சந்தைகள் காலையில் களைகட்டி இருக்கும், இரண்டு மணிக்கு மேல் பலகைகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். சின்னக் கடைகள் மதியம் பூட்டு. உணவகத்தில் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் கேட்டால் வினோதமாகப் பார்ப்பார்கள். கும்பகோணம் பக்கம் கோவில் கோவிலாகப் போனவர்களுக்கு இது பழக்கப்பட்ட சங்கதிதான். உச்சிகாலம் முடிந்து நடை சாத்துவதற்குள் எத்தனை முடியுமோ அத்தனை, மிச்சம் சாயங்காலம். அந்தக் கணக்கோடு திட்டம் போட்டால் பலெர்மோ இணங்கி வரும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இடைவிடாமல் இடங்களை அடுக்கினால் பாதி நேரம் பூட்டிய கதவைத்தான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆகவே காலையில் பெரிய இடம் ஒன்றே ஒன்று. அது முடிந்ததும் சந்தையில் நின்றபடி சாப்பாடு. மத்தியானம் படுக்கை, தூக்கம் வராதவர்களுக்கு மதியம் மூடாத இடம் ஏதாவது. ஆறு மணிக்கு மேல் தெரு. எங்கள் திட்டம் இவ்வளவுதான்.

நாங்கள் என்றால் நான், என் கணவர், என் அம்மா. அம்மா சைவம், கேக்கில் இருக்கிற முட்டையை மட்டும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். கணவர் நகர்வது எதையும் விடமாட்டார். இந்த இரண்டு வயிற்றையும் ஒரே ஊரில் ஒரே வேளையில் நிறைக்க முடியுமா என்பதுதான் கிளம்பும் முன் எனக்கு இருந்த பெரிய கவலை. விசா, டிக்கெட் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எப்போது போவது? ஏப்ரல், மே அல்லது அக்டோபர். ஜூலையில் ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவின் திருவிழா இருக்கிறது, கூட்டத்துக்கும் வெயிலுக்கும் அஞ்சாதவர்கள் அதற்காகவே போகலாம். ஆகஸ்ட் வேண்டாம். ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ என்கிற அனல் காற்று அடித்தால் சென்னைக்காரர்களுக்கே மூச்சு முட்டும். போதாததற்கு ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஊர்க்காரர்களே கடையைச் சாத்திவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள்.

தங்குவதற்குப் பழைய நகரத்துக்குள்ளேயே இடம் பாருங்கள். குவாத்ரோ காந்தி என்கிற நாற்சந்தியை நடுவில் வைத்து, வடக்கே மாஸ்ஸிமோ ஓபரா அரங்கம் வரை, கிழக்கே கால்சா பகுதி வரை எங்கே தங்கினாலும் பெரும்பாலான இடங்களுக்கு நடந்தே போய்விடலாம். வுச்சிரியா சந்தையை ஒட்டி மட்டும் வேண்டாம். ஒரு காலத்தில் ஊரின் பெரிய சந்தை அது, இப்போது இரவானால் குடியும் பாட்டுமாக விடிய விடிய இரைச்சல். அப்புறம் இன்னொன்று: பழைய மாளிகைகளைப் பிரித்துத்தான் விடுதிகளாக்கியிருக்கிறார்கள், மூன்றாம் மாடி என்றால் நம்மூர் ஐந்தாம் மாடி உயரம். வயதானவர்களோடு போகிறவர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். கார் வேண்டவே வேண்டாம். பழைய நகரத்துக்குள் வண்டி நுழையக் கட்டுப்பாடு உண்டு, கேமரா படம் பிடித்தால் அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

விமான நிலையம் ஊரிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் மேற்கே, கடலோரத்தில். ரயிலும் உண்டு, பேருந்தும் உண்டு. நாங்கள் பேருந்தில் வந்தோம், வழியில் கபாச்சி என்கிற இடத்தைப் பார்ப்பதற்காக. நெடுஞ்சாலையின் இரு பக்கமும் செந்நிறத் தூண் ஒவ்வொன்று நிற்கும். 1992 மே 23 அன்று மாஃபியாவை எதிர்த்து வழக்கு நடத்திய நீதிபதி ஜோவான்னி ஃபல்கோனேயை, அவர் மனைவி, மூன்று காவலர்களோடு அந்த இடத்தில்தான் சாலைக்கு அடியில் வெடிவைத்துக் கொன்றார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 19 அன்று அவருடைய நண்பரும் சக நீதிபதியுமான பாவ்லோ போர்செல்லினோவையும் நகரத்துக்குள்ளேயே குண்டு வைத்துக் கொன்றார்கள். விமான நிலையத்துக்கு இப்போது இந்த இருவரின் பெயர்தான். இதைத் தெரிந்துகொண்டு ஊருக்குள் போனால் நினைவுப் பொருள் கடைகளில் தொங்கும் மாஃபியா டீசர்ட்டுகளைப் பார்க்க எரிச்சலாக இருக்கும். அதற்குப் பதிலாகக் கடை வாசல்களில் ‘அத்தியோபிட்சோ’ ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். மாஃபியாவுக்கு மாமூல் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற கடைக்காரர்களின் இயக்கம் அது, 2004-இல் இளைஞர்கள் சிலர் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் ஒட்டிய துண்டுச் சீட்டுகளில் தொடங்கியது. எங்கே சாப்பிடுவது என்று குழப்பம் வந்தபோதெல்லாம் நாங்கள் அந்த ஸ்டிக்கர் இருந்த கடையைத் தேர்ந்தெடுத்தோம். ருசியிலும் குறை வைக்கவில்லை.

முதல் காலையை நார்மன் அரண்மனைக்குக் கொடுங்கள். ஆனால் எந்தக் கிழமை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிசிலியின் சட்டமன்றம் இன்றைக்கும் இந்த அரண்மனையில்தான் கூடுகிறது. அதனால் செவ்வாய் முதல் வியாழன் வரை அரச அறைகளைப் பெரும்பாலும் காட்ட மாட்டார்கள். ஞாயிறு காலையில் பூசை நேரத்துக்கு உள்ளே இருக்கும் சிற்றாலயத்தில் பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. வெள்ளி, சனி, திங்கள் பாதுகாப்பான நாட்கள். பயணத் தேதியையே இதை வைத்து முடிவு செய்யலாம், அந்த அளவுக்கு இந்த இடம் தகும்.

கதை இதுதான். 831-இல் அரபுகள் பலெர்மோவைப் பிடித்து இரண்டரை நூற்றாண்டு ஆண்டார்கள். 1072-இல் வடக்கிலிருந்து வந்த நார்மன்கள் பிடித்தார்கள். பிடித்தவர்கள் இருந்ததை இடித்துத் தள்ளவில்லை. 1130-இல் முடிசூடிய இரண்டாம் ரொஜர் அரபு அதிகாரிகளையும் கிரேக்கக் கலைஞர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அரசாண்டான். அல் இத்ரீசி என்கிற புவியியலாளர் இவன் சபையில் இருந்துதான் 1154-இல் உலக வரைபடத்தோடு தன் பெரிய நூலை முடித்தார். அரபு வழக்கப்படி அந்த வரைபடத்தில் தெற்கு மேலே இருக்கும்.

இந்த ரொஜர் அரண்மனைக்குள் கட்டியதுதான் காப்பெல்லா பலதீனா என்கிற அந்தச் சிற்றாலயம். சின்ன ஆலயம்தான். சுவர் முழுக்கத் தங்கப் பின்னணியில் பைசாந்திய மொசைக், தரையில் வண்ணக் கற்பின்னல். எல்லோரும் சுவரைப் பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள், நீங்கள் கூரையைப் பாருங்கள். மரத்தில் தேன்கூட்டு அடுக்குகளாகச் செதுக்கிய அரபு வேலைப்பாடு. அதில் வாத்தியம் வாசிக்கிறவர்கள், மது அருந்துகிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள் என்று குட்டிக் குட்டி ஓவியங்கள், ஓரங்களில் அரபு எழுத்துகள். கிறிஸ்தவ அரசனின் ஜெபக்கூடத்துக்கு மேலே இதெல்லாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பைனாகுலர் எடுத்துப் போங்கள். என் அம்மா தன் பழைய பைனாகுலரைக் கொண்டுவந்திருந்தார், பக்கத்தில் நின்ற ஜெர்மானியக் குடும்பம் வரிசையாக வந்து கடன் வாங்கிப் பார்த்தது. வெளியே சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, 1142-இல் ரொஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றி. லத்தீன், கிரேக்கம், அரபு என்று மூன்று மொழியிலும் ஒரே செய்தி.

காலையில் இதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். நேராகப் பத்து நிமிட நடையில் பல்லாரோ சந்தை.

பல்லாரோ அரபுகள் காலத்திலிருந்து நடக்கிற சந்தை என்பார்கள். குறுகலான தெருவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சைத் தார்ப்பாய்க்குக் கீழே வாளை மீன் தலை, கூனைப்பூ (ஆர்டிசோக்) மலை, வெயிலில் காய்ந்த தக்காளி, ஆலிவ் தொட்டிகள். விற்கிறவர்கள் ராகம் போட்டுக் கூவுவார்கள், ஒருவர் நிறுத்தும் இடத்தில் இன்னொருவர் எடுப்பார். கணவர் கேமராவோடு காணாமல் போய்விட்டார். நானும் அம்மாவும் பொரிக்கிற வாசனையைப் பிடித்துக்கொண்டு போனோம்.

அங்கேதான் பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் களியாகக் கிண்டி, பார்ஸ்லி தழை தூவி, மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, துண்டு போட்டு எண்ணெயில் பொரிக்கிறார்கள். மேலே எலுமிச்சம்பழம் பிழிந்து, எள் ஒட்டிய ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருவார்கள். அசல் சைவம், முட்டைகூட இல்லை. “கொஞ்சம் பெருங்காயமும் மிளகாய்த்தூளும் போட்டா இன்னும் எடுக்கும்” என்று அம்மா தீர்ப்புச் சொன்னாலும், அடுத்தடுத்த நாட்களில் பதினொரு மணி ஆனாலே “அந்தக் கடலை மாவுக் கடை இந்தப் பக்கம் இருக்குமா?” என்று கேட்க ஆரம்பித்தார். கூடவே காட்சில்லி என்கிற உருளைக்கிழங்கு உருண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே புதினாவோ பார்ஸ்லியோ இருக்கும்.

சைவர்களுக்கு ஊரில் கண்ணிகளும் உண்டு. ஸ்ஃபின்சோனே என்கிற தடிமனான, பஞ்சு போன்ற பீட்சாவை ஆபே மூன்று சக்கர வண்டியில் ஒலிபெருக்கி வைத்து விற்றுக்கொண்டு வருவார்கள். பார்த்தால் வெறும் தக்காளியும் வெங்காயமும்தான் தெரியும், உள்ளே நெத்திலி கரைந்திருக்கும். அரஞ்சீனா என்கிற பொரித்த சோற்று உருண்டையில் ‘வெண்ணெய்’ வகை என்று எழுதியிருந்தால் அதில் பன்றி ஹாம் இருக்கும். கீரை போட்ட வகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள், அதிலும் ஒரு தடவை உறுதி செய்துகொண்டு. ரிக்கோட்டா என்கிற மென்மையான பாலாடைக்கட்டி நிரப்பிய குழல் இனிப்பான கன்னோலியின் ஓட்டு மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம், எல்லாக் கடையிலும் இல்லை. ‘சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே, சென்ஸா ஸ்த்ரூத்தோ’, அதாவது கறி, மீன், பன்றிக் கொழுப்பு மூன்றும் வேண்டாம் என்பதை ஒரு சீட்டில் இத்தாலிய மொழியில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்திருந்தோம். சீட்டைப் பார்த்த கடைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை, சிலர் சமையலறைக்குப் போய்க் கேட்டுவிட்டே வந்து சொன்னார்கள்.

உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் கபோனாதா கேளுங்கள். கத்தரிக்காய், செலரி, ஆலிவ், கேப்பர் எல்லாம் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்த தக்காளிக் கூட்டில், ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள். முதல் வாயில் ஏன் சூடாக இல்லை என்று தோன்றும், மூன்றாம் வாயில் கேள்வி மறந்துவிடும். கத்தரிக்காயும் ரிக்கோட்டாவும் போட்ட நோர்மா பாஸ்தா, காய்ந்த மொச்சையை மசித்த மாக்கு, வசந்தத்தில் கூனைப்பூ என்று சைவத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு வேளை சோறும் பருப்பும் தேடினால் பல்லாரோவைச் சுற்றிலும் வங்காளதேச, இலங்கைக் கடைகள் இருக்கின்றன.

கணவரின் பக்கம் வேறு உலகம். மாட்டுச் சுவரொட்டியையும் நுரையீரலையும் வேகவைத்து, மெல்லிசாகச் சீவி, கொழுப்பில் வதக்கி ரொட்டிக்குள் திணித்துத் தருவது இந்த ஊரின் பேர்போன தெருச் சாப்பாடு, பானி கா மேவுசா. வெறும் எலுமிச்சையோடு வாங்கினால் ‘கல்யாணமாகாதது’, மேலே ரிக்கோட்டாவும் காச்சோகவால்லோ பாலாடைக்கட்டியும் சேர்த்தால் ‘கல்யாணமானது’. அப்படிச் சொல்லித்தான் கேட்க வேண்டும். இடைக்காலத்தில் இங்கே இருந்த யூதக் கசாப்புக்காரர்கள் கூலிக்குப் பதிலாகக் குடலும் ஈரலும் வாங்கி விற்றதிலிருந்து வந்தது என்று கதை சொல்கிறார்கள். கல்யாணமாகாததே மேல் என்பது கணவரின் கட்சி, எனக்கும் அதேதான், பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. இரவில் தெருமுனையில் புகை மண்டினால் அங்கே ஸ்டிகியோலா சுடுகிறார்கள் என்று அர்த்தம்: வெங்காயத்தாளைச் சுற்றிக் கட்டிய ஆட்டுக் குடல், கரி அடுப்பில். இன்னும் நிதானமான ஆசாமிகளுக்கு மத்தி மீன் பாஸ்தா இருக்கிறது. காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர் திராட்சை, பைன் கொட்டை, குங்குமப்பூ எல்லாம் அந்த மீனோடு சேர்த்து, மேலே சீஸுக்குப் பதில் வறுத்த ரொட்டித்தூள். கேட்கும்போது பொருந்தாத மாதிரி இருக்கும், சாப்பிட்டால் தெரியும்.

சரி, மத்தியானத்துக்கு வருவோம். வெயில் காலத்தில் தூங்குங்கள், வேறு யோசனை என்னிடம் இல்லை. மற்ற மாதங்களில் மதியத்துக்கு ஏற்ற இடம் கால்சா பகுதிதான். அங்கே இருக்கும் அபாத்தெல்லிஸ் அரண்மனையில் ஊரின் ஓவியக் காட்சியகம். பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றை முழுதாகப் பெயர்த்து வந்து வைத்திருக்கிறார்கள்: எலும்புக்கூட்டுக் குதிரையில் மரணம் அம்பெய்துகொண்டு வருகிறது. பணக்காரர்களையும் பாதிரிமார்களையும் வீழ்த்திவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று கெஞ்சும் ஏழைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறது. வரைந்தவர் யாரென்று தெரியாது. அதே கட்டடத்தில் அந்தொனெல்லோ தா மெஸ்ஸினா என்கிற ஓவியர் வரைந்த மரியாள் இருக்கிறாள், நீல முக்காடு, நம்மை நிறுத்துவது போல் நீட்டிய கை. இந்த இரண்டுக்காக மட்டும் போனாலும் போதும்.

பக்கத்திலேயே ஸ்தேரி மாளிகை. விசாரணை மன்றம் என்கிற பெயரில் மதத் துரோகிகள் என்று பிடித்தவர்களை அடைத்து வைத்த சிறை. கைதிகள் கரியாலும் செங்கல் பொடியாலும் சுவரெல்லாம் புனிதர்களை வரைந்திருக்கிறார்கள், கவிதை எழுதியிருக்கிறார்கள், சிசிலியின் வரைபடம்கூடப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1906-இல் ஜுசெப்பே பித்ரே என்கிற நாட்டாரியல் அறிஞர் கண்டெடுத்தார். வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். வெளியே வந்தால் மரீனா சதுக்கத்துப் பூங்காவில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அத்தி இன மரம், நம் ஆலமரத்தின் உறவு, விழுதுகளே பெரிய தூண்களாகி நிற்கிறது. அம்மா அதன் கீழ் பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மறுத்துவிட்டார். தாவரவியல் பூங்காவில் இதன் மூத்த மரம் ஒன்று இருக்கிறது, 1845-இல் நட்டது.

இன்னொரு மதியத்தை ஸீஸா அரண்மனைக்கு வைத்துக்கொள்ளலாம், நாங்கள் போனபோது பகல் முழுக்கத் திறந்திருந்தது. 1165-இல் கட்டத் தொடங்கிய கோடை மாளிகை. நடுக்கூடத்தில் ஊற்று, அங்கிருந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடி வெளிக்குளத்துக்குப் போகும், கடற்காற்று அதன்மேல் பட்டுக் குளிர்ந்து வளைவுகள் வழியாக உள்ளே வரும். மின்சாரம் இல்லாத ஏசி. உள்ளே 1149-ஆம் ஆண்டுக் கல்லறைக்கல் ஒன்றை அவசியம் தேடிப் பாருங்கள். கிரிசாந்தோ என்கிற பாதிரியார் தன் தாய் அன்னாவுக்கு வைத்தது. எபிரேய எழுத்தில் அரபு மொழி, லத்தீன், கிரேக்கம், அரபு என்று நான்கு வடிவத்தில், தேதியையும் அந்தந்தச் சமூகத்தின் ஆண்டுக்கணக்கில் எழுதியிருக்கிறது.

மொன்ரியாலே வேறொரு காலைக்கு. மலைமேல் இருக்கும் சிற்றூர், இன்டிபென்டென்சா சதுக்கத்திலிருந்து 389 எண் பேருந்து. நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் கட்டிய பேராலயத்தில் ஆறாயிரம் சதுர மீட்டருக்கு மேல் மொசைக். ஆதாம், நோவா, ஆபிரகாம் எல்லோரும் வரிசையாக வருகிறார்கள், பைபிள் தெரிந்தவர்கள் கதையைப் படித்துக்கொண்டே நடக்கலாம். காப்பெல்லாவையும் இதையும் ஒரே நாளில் பார்க்காதீர்கள், தங்கம் திகட்டிவிடும். உண்மையைச் சொன்னால் எனக்கு ஆலயத்தைவிட அதன் பக்கத்து மடத்து முற்றம்தான் பிடித்தது. 228 தூண்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக, சிலவற்றில் மொசைக் பதித்து, தலைப்பில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு சிற்பம். தனிக் கட்டணம் என்று பலர் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள்.

பலெர்மோவைத் தமிழர்கள் பார்க்க இன்னொரு காரணம் இருக்கிறது. ஊருக்கு வடக்கே கடலோரத்தில் பெல்லெக்ரினோ மலை, ஏறக்குறைய அறுநூறு மீட்டர். அதன் குகையில் சாந்தா ரொசாலியா. 1624-இல் கொள்ளைநோய் பரவியபோது இந்தத் துறவிப் பெண்ணின் எலும்புகள் மலையில் கிடைத்தன, அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்ததும் நோய் விலகியது என்பது நம்பிக்கை. அன்றிலிருந்து ஊரின் காவல் தெய்வம் அவள்தான். 1980-களிலிருந்து போரை விட்டு வந்த ஈழத்தமிழர்கள் பலெர்மோவில் குடியேறினார்கள். கத்தோலிக்கர்கள் மட்டுமில்லை, சைவ சமயத்தவர்களும் இந்த மலைக்கு ஏறத் தொடங்கினார்கள். செப்டம்பர் 4 விழாவுக்கு இரவோடு இரவாக வெறுங்காலில் ஏறுகிற கூட்டத்தில் தமிழ்க் குடும்பங்களைத் தாராளமாகப் பார்க்கலாம்.

நாங்கள் 812 பேருந்தில் சுகமாகப் போய் இறங்கினோம். குகைக் கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்துப் போக உலோகத் தகடுகளை வளைத்து வளைத்துக் கட்டியிருக்கிறார்கள், அந்த நீர் தீர்த்தம் மாதிரி. வாசல் படிக்கட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து ஒரு அம்மையார், “அக்கா, இதிலை இருங்கோ. எவடத்திலையிருந்து வாறீங்கள்?” என்றார். சென்னை என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்தவர், பல வருடங்களாக இங்கே வீட்டு வேலை. “ஞாயிற்றுக்கிழமையெண்டால் எங்கட ஆக்கள் கனபேர் வருவினம். நாங்கள் சைவம்தான், ஆனா இவவைக் கும்பிடாமல் இஞ்சை ஒண்டும் தொடங்கிறேல்லை.” அம்மா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் இருவரும் முருங்கைக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைப் பற்றி நெடுநேரம் பேசினார்கள்.

சில இடங்களைத் தயங்காமல் விட்டுவிடலாம். கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் ஆயிரக்கணக்கான பதப்படுத்திய சடலங்கள் உடுப்போடு சுவரில் நிற்கின்றன, அது ஒவ்வொருவர் மனசைப் பொறுத்தது, எங்களுக்கு வேண்டாம் என்று பட்டது. மொன்டெல்லோ கடற்கரை அழகுதான், கோடையில் மணலே தெரியாத கூட்டம். கடல் வேண்டுமென்றால் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் செஃபாலு. ரொஜர் 1131-இல் தொடங்கிய பேராலயம், நேர் கீழே கடற்கரை, காலையில் போய் மாலையில் திரும்பலாம். கையில் மூன்று நாள்தான் என்றால் வெட்ட வேண்டியது இதைத்தான்.

இனிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. மார்த்தோரானா தேவாலயத்துக்கு எதிரே சாந்தா கத்தெரீனா மடம். கடைசிக் கன்னியர்கள் 2014-இல் வெளியேறினார்கள், இப்போது மடத்து இனிப்புகளைப் பழைய செய்முறையில் அங்கேயே செய்து விற்கிறார்கள். கன்னோலியைக் கேட்ட பிறகுதான் உள்ளே ரிக்கோட்டா நிரப்புவார்கள். முன்கூட்டியே நிரப்பிக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் கடையை எங்கே பார்த்தாலும் தாண்டிப் போய்விடுங்கள், ஓடு நமுத்திருக்கும். கோடைக் காலையில் போனால் பன்னோடு கிரனீத்தா என்கிற பனிக்கூழ், மல்லிகைப்பூ மணத்தில்கூடக் கிடைக்கும்.

ஊருக்கு வாங்கி வர கசாத்தா கேக் சரிப்படாது, ரிக்கோட்டா தாங்காது. மார்த்தோரானா பழங்களை வாங்குங்கள். பாதாம் விழுதில் செய்து சாயம் தீட்டிய பழங்கள், அந்தத் தேவாலயத்தை ஒட்டியிருந்த மடத்தில் பிறந்தவை என்பதால் அந்தப் பெயர். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இறந்துபோன தாத்தா பாட்டிகள் இரவில் வந்து குழந்தைகளுக்கு இவற்றை வைத்துவிட்டுப் போவார்கள் என்பது பலெர்மோ வழக்கம். ஒரு பெட்டி நிறைய அத்தி, மாதுளை, முலாம்பழம் என்று கொண்டுவந்தோம். கோயம்பேட்டில் வாங்கியது என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மாதுளையை எடுத்துக்கொண்டு போய்க் குழாயில் கழுவிவிட்டான். சாயம் கொஞ்சம் போனது, ருசி போகவில்லை.